விழுவது விண்மீனா?



இரவு வானில் ஓர் ஒளிக்கோடு சரேலென்று பாய்ந்து மறைவதைக் கண்டிருப்பீர்கள். எரிநட்சத்திரம், எரிமீன், எரிவெள்ளி என்று நாம் சொல்லுகிறோம். ஆங்கிலேயர் ‘ஷூட்டிங் ஸ்டார்’, அதாவது பாயும் நட்சத்திரம், என்பர். இரு மொழியிலும் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மை மயக்குவதும் அச்சொல்லே.

புறநானூற்று 229-ஆம் பாட்டில், பங்குனி மாதத்து நள்ளிரவில் ஒரு மீன் எரிந்து வீழக் கண்ட கூடலூர் கிழார், தம் அரசனுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சுகிறார். ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மறைந்தான். எந்த மீன் உச்சியினின்று சாய்ந்தது, எது எழுந்தது என்றெல்லாம் குறிக்கும் கூரிய கண் புலவருடையது. ஆயினும் மறுநாள் இரவு எண்ணியிருந்தால், வானத்தில் ஒரு மீனும் குறைந்திராது!

விழுந்தது பெரும்பாலும் மணலளவான ஒரு துகள். அது விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துள் புகுகிறது. முன்னுள்ள காற்று நெருக்குண்டு கொதிக்க, துகள் ஆவியாகி ஒளிர்கிறது. இது நிகழ்வது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில்.

விண்வெளியில் திரியும்போது அது விண்கல், ஒளியே எரிமீன், எரிந்தது போக மண்ணை அடைவது விண்வீழ்கல். முதலதையும் கடைசியதையும் விண்கல் என்றே எழுதுவாரும் உளர். பிரித்து வழங்குவதே நன்று என்பது என் கருத்து. ஆங்கிலத்து ‘மீட்டியார்’ கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. உயரத்தே நிகழ்வது என்பது அதன் மூலப்பொருள். மழையும் காற்றும் முன்னர் அதனுள் அடங்கின. வானிலை ஆராய்ச்சியை இன்றும் ‘மீட்டியராலஜி’ என்பது அதனாலேதான்.

வானினின்று கல் விழும் என்று உழவர் சொன்னபோது, பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் பலர் நகைத்தனர். அவை விண்வெளியினின்று வருவன என்று ஜெர்மானியராகிய கிளாட்னி 1794-இல் எழுதினார், நம்பினோர் சிலரே. 1803 ஏப்ரல் 26 அன்று, பிரான்சில் லேகிள் என்னும் ஊரருகே ஆயிரக்கணக்கான கற்கள் பொழிந்தன. பியோ என்னும் அறிஞர் நேரிற் சென்று, ஊர் ஊராக மக்களை விசாரித்து, கற்கள் சிதறிய நிலப்பரப்பை வரைந்து அறிக்கை தந்தார். அதன் பின்னரே ஐயம் தீர்ந்தது. உழவர் சொல்லே வென்றது.

வால்நட்சத்திரம் வேறு, அது பல நாள் தொடர்ந்து காணப்படும். எனினும் உறவு உண்டு. அது சிந்திச் சென்ற தூளினூடே பூமி செல்லுகையில் எரிமீன்கள் மழையெனத் தோன்றும். ஆகஸ்டு மாதத்து எரிமீன்களுக்கும் ஒரு வால்நட்சத்திரத்துக்கும் உள்ள இத்தொடர்பை 1866-இல் இத்தாலியராகிய ஸ்கியாப்பரெல்லி காட்டினார். டிசம்பர் நடுவில் மிதுன ராசித் திசையினின்று வருவனவோ, பேத்தான் என்னும் சிறுகோளின் தூள். அம்மாதம் 13, 14 தேதிகளில், தெருவிளக்கு ஒளி படாத மொட்டை மாடியில், நள்ளிரவுக்குப் பின் அண்ணாந்து பாருங்கள்.