தொலைந்த கணினியும் தேடிய புள்ளியும்

(புதுக்கடையில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குடும்பங்களில் எஞ்சியுள்ள ஓலைப் பத்திரங்களையும் ஏடுகளையும் படமெடுத்துத் தொகுக்கும் பணியை எளியேனிடம் ஒப்புவித்திருந்தீர்கள். அப்பணி எம்மட்டில் நிற்கின்றது என்பதை இன்று கூறக் கடமைப்பட்டவன் யான். அதற்கு மாறாக, அப்படங்களைத் தாங்கியிருந்த கையடக்கக் கணினியை, அஃதாவது டேப்லெட் என்று நாம் வழங்கும் கருவியைப் பிரயாணத்தில் இழந்துவந்த கதையைச் சொல்ல நேர்ந்தது. பொறுத்தருள வேண்டுகின்றேன்.

ஓலைகளிற் சில எழுத்துகள் எனக்கு விளங்காமையால், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திற்குச் சென்று ஐயந் தெளிந்து, எழும்பூரில் இரவு வண்டி ஏறினேன். விழுப்புரம் வரையில் படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதினேன். பின்னர்க் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நிறுத்தி, கணினியைத் தலையணைக்கடியில் வைத்து உறங்கினேன். வள்ளியூரில் விழித்தெழுந்து கையை விட்டுப் பார்த்தால் தலையணைதான் இருந்தது.

“அக்கருவி தானிருக்கும் இடத்தைத் தானே சொல்லாதா?” என்று அன்றுமுதல் என்னைக் கேளாதவர் இல்லை. யானும் அவ்வாறே நம்பியிருந்தவன். வள்ளியூரிலேயே கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். கணினி விழுப்புரத்தில் இருப்பதாகப் படம் காட்டிற்று! வண்டியோ அவ்வூரைக் கடந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டது.

இதன் காரணத்தைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். ஜி.பி.எஸ். என்னும் ஏற்பாட்டில், நிலத்திற்கு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் செயற்கைக் கோள்கள் குறிப்பலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நம் கருவி அவற்றைக் கேட்டுத் தன் இடத்தைக் கணக்கிடுகின்றது. கோள்களுக்கு அது யாதொன்றும் கூறுவதில்லை. கோயில் மணியோசை கேட்டு நாழிகை அறிபவன், தான் எத்தெருவில் நிற்கின்றான் என்பதை மணியடிப்பவனுக்கு உரைப்பதுண்டோ? கருவி அறிந்தது நமக்கு எட்டவேண்டுமாயின் இணையத் தொடர்பு வேண்டும். என் கணினியில் சிம் இல்லை. என் கைப்பேசி ஊட்டிய வைஃபையில் உயிர்த்திருந்தது அது. யான் ஹாட்ஸ்பாட்டை நிறுத்திய இடம் விழுப்புரம். ஆகவே அதன் கடைசிச் சொல்லும் விழுப்புரமே. ஐபாடு வைத்திருப்போர் ஒன்று அறிந்துகொள்க: வைஃபை மட்டும் உடைய ஐபாடுகளில் ஜி.பி.எஸ். வாங்கியே கிடையாது; அவை அக்கம்பக்கத்து வைஃபைகளைக் கொண்டே இடத்தை ஊகிக்கின்றன.

இணையமற்ற கருவியையும் தேட மற்றொரு வழி வந்துள்ளது. தொலைந்த கருவி புளூடூத் மூலம் மெல்லிய குறி விடுக்கும். அருகிற் செல்லும் அயலார் கைப்பேசி அதனை உணர்ந்து, தான் நிற்குமிடத்தை உடையவனுக்கு மறைவாகத் தெரிவிக்கும். ஆப்பிள் நிறுவனம் 2019 இலும், கூகுள் 2024 இலும் இதனைத் தொடங்கின. ஆயின் கூகுளின் ஏற்பாட்டில், நாம் அமைப்பை மாற்றாதவரை, கைப்பேசிகள் பல உணரும் சனநெருக்கமுள்ள இடங்களிலேயே இச்செய்தி கிட்டும். ஒருவரை ஒருவர் வேவுபார்த்தல் ஆகாது என்பதற்காக வைத்த தடை இது. தடை நல்லதே, சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் இடையிலுள்ள கரிசல் வெளியில் ஒரு கருவி கிடந்தால் யார் அதனை உணர்வது?

வீடு சேர்ந்ததும் என் மருமகன் இந்த வழியிலே தேடினான். “மாமா, கிடைச்சாச்சு! மதுரையில் இருக்கு!” என்று கூவினான். பார்த்தேன், மதுரைச் சந்திப்பை அடுத்த ஒரு தெருவின்மேல் புள்ளி நின்றது. அதனைச் சூழ்ந்து ஒரு வட்டம். வட்டத்துள் இருபது முப்பது வீடுகள். அப்பொழுதே நால்வர் ஒரு காரில் புறப்பட ஆயத்தமாயினர். நம் பெரியவர் ஒருவர், அத்தெருவில் வாழ்வோர் இன்ன சாதியார் என்று எங்கோ கேட்டறிந்து, “அப்படியானால் ஐயமே இல்லை” என்றார். அவர் இவ்வவையில் இருக்கின்றார். என்மீதுள்ள அன்பினாலேயே அவ்வாறு சொன்னார் என்பதையும் அறிவேன். ஆயினும் அச்சொல் கணினி போனதினும் என்னை வருத்திற்று. நம் முன்னோரைப்பற்றி இப்படிப் பேசியவர்கள் இருந்தமையாலன்றோ இச்சங்கம் தோன்றிற்று?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒரு வீட்டாருக்கு நேர்ந்தது 2016 இல் செய்தியாக வெளிவந்தது. தொலைந்த கைப்பேசிகளின் புள்ளி அவ்வீட்டைக் காட்டவே, அறியாதவர் பலர் வேளைகெட்ட வேளையிற் கதவைத் தட்டித் தம் பொருளைக் கேட்டனர். காணாமற்போன பெண் ஒருத்தியைத் தேடிக் காவலரும் வந்தனர். அவ்வீட்டில் ஒன்றுமே இல்லை. இதனை நினைந்து, “விடியட்டும்” என்று சொல்லி மருமகனை நிறுத்தினேன்.

இரவில் அப்படத்தை மறுபடி நோக்கியபொழுதுதான், புள்ளியின் கீழே சிற்றெழுத்தில் நேரம் குறித்திருப்பதைக் கண்டேன். விடியற்காலை 4 மணி 12 நிமிடம். எங்கள் வண்டி மதுரை நிலையத்தில் நின்றிருந்த நேரம் அது! நடைமேடையில் இருந்தோர் கைப்பேசிகள் என் கணினியை உணர்ந்திருக்கின்றன. இடம் சிறிது பிசகித் தெருவின்மேல் விழுந்திருக்கின்றது. அவ்வேளையில் அது என் தலையணைக்கடியிலேயேகூட இருந்திருக்கலாம். நாங்கள் காரில் சென்றிருந்தால் யாரை என்ன கேட்டிருப்போம்? நினைக்கவே நா உலர்கின்றது.

அதன்பின் புள்ளி அசையவில்லை. உறங்கப் போகும்போது மின்கலத்தில் எட்டு விழுக்காடே இருந்தது.

சட்டத்தின் வழியும் ஒன்று உண்டு. சிம் உள்ள கருவிக்கு ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் இருக்கும். காவல்துறையிற் கொடுத்த புகாரின் நகலுடன், 2023 மே மாதத்தில் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அவ்வெண்ணைப் பதிந்தால், நாடெங்கும் அக்கருவி வலையமைப்பில் இயங்காதபடி தடுக்கலாம். என் கணினிக்குச் சிம் இல்லை. எனவே அவ்வெண்ணும் இல்லை. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எவ்விடத்து நிகழ்ந்திருப்பினும் எந்நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஓடும் வண்டியில் பொருள் இழந்தவர்க்கு இது பேருதவி. ஆகவே நாகர்கோவிலில் இருப்புப்பாதைக் காவலரிடம் எழுதிக் கொடுத்தேன்.

உள்ளிருப்பதைத் தொலைவிலிருந்தே அழித்துவிடலாமே என்றனர் சிலர். அக்கட்டளையும் கருவி இணையத்தைத் தொட்டால்தான் நிறைவேறும். அழிந்தபின்போ கூகுள் வழியில் அதனைத் தேடவும் இயலாது. பூட்டும்படி மட்டும் கட்டளையிட்டேன். அழிக்க மனம் வரவில்லை. ஏனெனில் அப்படங்களுக்கு வேறு படி இல்லை. இதுவே என் உண்மையான குற்றம். இணைய அளவு தீர்ந்துவிடும் என்று சிக்கனம் பார்த்து, படியெடுப்பதை ஊர் வந்தபின் செய்யலாம் என்று ஒத்திவைத்தேன். ஏட்டைப் படியெடுத்துக் காத்தவர்களைப் பற்றி வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகின்றவன் யான்!

ஆதலின் ஓலைகளை மறுபடியும் காட்டும்படி உங்களை வேண்டுகின்றேன். ஆறு வீட்டார் முன்னரே இசைந்தனர். ஏழாம் வீட்டுக்கு நேற்றுச் சென்றேன். பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் அவர்களுடைய பாகப்பிரிவினை ஓலை செல்லரித்துப் பொடியாகக் கிடந்தது. அதன் படம் அக்கணினியில் மட்டுமே உள்ளது. அவ்வீட்டுப் பாட்டி, “போனது போகட்டும் மக்களே, காப்பி குடி” என்றார். மற்ற வீட்டார் வருகின்ற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்திற்கு ஓலைகளைக் கொண்டுவருக. படமெடுத்த அன்றே இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைச் செயலாளரிடமும் மற்றொன்றை ஓலைக்குரியாரிடமும் கொடுத்துவிடுவேன்.