தாழ்ப்பாளும் காப்புரிமையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வீட்டுத் தாழ்ப்பாளை நீக்க எவரும் நமக்குப் பாடம் நடத்தியதில்லை. அவ்வசைவையே கைப்பேசித் திரையில் வைத்தது ஆப்பிள் நிறுவனம். திரையில் ஒரு சிறு சித்திரம். அதை விரலால் நகர்த்தினால் பூட்டுத் திறக்கும். இது புதுப்புனைவா, எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதா?

சுவீடனின் நியோநோட் நிறுவனம், விரலை இழுத்துத் திறக்கும் கைப்பேசியை முன்னரே வெளியிட்டிருந்தது. ஆயின், விரலோடு நகரும் சித்திரம் அதில் இல்லை. அதைச் சேர்ப்பது துறையறிந்தவனுக்கு எளிதில் தோன்றும் என்று கூறி, இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2012-இல் காப்புரிமை செல்லாதென்றது. ஜெர்மானிய உச்ச நீதிமன்றமும் 2015-இல் அவ்வாறே முடிவு செய்தது. அமெரிக்காவிலோ, 2016 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் செல்லாதென்றதை, அதே நீதிமன்றத்தின் முழு ஆயம் அக்டோபரில் செல்லுமென்றது! இந்நாடுகளின் தூதரகங்கள் யாவும் நம் சாணக்யபுரியிலேயே உள்ளன. சாந்திபத்தில் சிறிது நடந்தால் தீர்ப்பு மாறிவிடுகிறது.

ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் இதைச் செய்து காட்டியபோது எழுந்த ஆரவாரத்தையும் அமெரிக்க ஆயம் சான்றாகக் கொண்டது. கைத்தட்டல் மட்டுமே போதுமாயின், இம்மேடையேறும் நம் குழந்தைகள் அனைவரும் காப்புரிமை பெற்றுவிடுவர்!

நம் நாட்டின் அளவுகோல் மீர்ஜாபூர் பாத்திரப் பட்டறையிலிருந்து வந்தது. கடைசலின்போது பாத்திரம் தெறித்து விழாமல் பற்றிக்கொள்ளும் கருவியைப் பற்றிய வழக்கு அது. 1978-இல் உச்ச நீதிமன்றம், பழைய முறையின் சிறு திருத்தமே அது என்று காப்புரிமையை மறுத்தது. விண்ணப்ப நாளில் இருந்த அறிவு மட்டும் கொண்ட தேர்ந்த கைவினைஞனை எண்ணிப் பாருங்கள். புனைவை அவன் கண்டதில்லை. சிக்கல் மட்டும் அவன் முன் இருக்கிறது. பழைய ஏட்டைப் பார்த்தவுடன் விடை அவனுக்குக் கிட்டுமா என்பதே கேள்வி. விடையைப் பார்த்தபின் "இது எனக்கும் தோன்றியிருக்குமே" என்பார் சொல் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது.

மென்பொருளுக்கு மற்றொரு தடையும் உண்டு. வெறும் கணிப்பொறி நிரலுக்கு நம் சட்டம் காப்புரிமை தருவதில்லை. எனினும் தொழில்நுட்பப் பயன் விளைந்தால் அதை ஆராய வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2019-இல் பெரிட் அலானி வழக்கில் தெளிவுபடுத்தியது.

நம் குடியிருப்பில் மென்பொருள் இயற்றும் இளைஞர் பலர் உள்ளனர். அவர்களுக்கு ஒரு வார்த்தை: புதியதொன்று அமைந்தால், வரைவுகளை நாள் குறித்துப் பத்திரப்படுத்துங்கள். துவாரகையிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்த பின்னரே பிறருக்குக் காட்டுங்கள், நம் சங்க மேடையாயினும் சரி.