பார்த்த பின்னரே தீர்ப்பு!

(தொண்டைமானாற்றில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விளைபொருளுக்கு விலையில்லை; உரம் வாங்கக் கையிற் பணமில்லை; இவையெல்லாம் இருக்க, திரைப்படத்தைப் பற்றிப் பேச ஒரு மேடையா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம் பெயரால், நம் துயரைக் காரணங்காட்டி, ஒரு படம் நிறுத்தப்பட்டது. என் பெயரில் மற்றொருவன் உறுதி முடித்தால், அதில் என் கையொப்பம் எங்கே என்று கேட்க எனக்கு உரிமையுண்டு. அந்தக் கேள்வியைக் கேட்கவே இன்று நான் எழுந்து நிற்கிறேன்.

சிங்களத்தில் "ஒப நெத்துவ ஒப எக்க" என்ற பெயருடன் 2012 ஆம் ஆண்டு வெளிவந்த படம் அது. "நீ இன்றி, நின்னோடு" என்று நாம் பொருள் கொள்ளலாம். இயக்கியவர் பிரசன்ன விதானகே. உருசியப் பேராசிரியன் தஸ்தயேவ்ஸ்கி 1876 இல் எழுதிய சிறுகதை ஒன்றை அவர் நம் நாட்டு மண்ணுக்குக் கொண்டுவந்தார். மலையகத்திலே அடகுகடை நடத்தும் சிங்களவன் ஒருவன். போரில் உறவுகளை இழந்து வடக்கிலிருந்து வந்த செல்வி என்னும் தமிழ்ப்பெண் அவனிடம் அடகு வைக்க வருகிறாள். அவளை அவன் மணக்கிறான். பழைய நண்பன் ஒருவன் வந்து தங்குகிறான். தன் கணவன் முன்னாட் சிப்பாய் என்பதை அப்பொழுதுதான் அவள் அறிகிறாள். அன்று முதல் அந்த வீட்டில் அன்பும் வெறுப்பும் ஒரே பாயிற் படுக்கின்றன. முடிவில் அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். செல்வியாக நடித்த அஞ்சலி பட்டீல், 2012 இல் கோவாவில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவிலே சிறந்த நடிகைக்கான வெள்ளி மயில் விருதைப் பெற்றார்.

2014 ஆம் ஆண்டு யூன் மாதம் இப்படம் சென்னைக்கு வந்தது. மிரட்டல்கள் வந்தன, காட்சிகள் நிறுத்தப்பட்டன. சிங்களவர் எடுத்த படம் என்ற ஒன்றே பலருக்குப் போதிய குற்றமாயிற்று. பின்னர் ஒரு தனிக்காட்சி நடந்தது. அதிலே படத்தைப் பார்த்தவர்கள், இயக்குநரை நேரில் நிறுத்திக் கடுமையாகக் குறுக்குவிசாரணை செய்தார்கள். இந்த இரண்டில் எது நமக்குப் பெருமை தரும்? மிரட்டியவனையும் விசாரித்தவனையும் நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன். விசாரித்தவன் என் உடன்பிறப்பு. அவன் கோபம் என் கோபம்.

அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. கதை அவன் பக்கமிருந்தே சொல்லப்படுகிறது. சிப்பாயின் மனவேதனை நீளமாக வருகிறது. செல்வியின் மௌனமே அவள் வாக்குமூலமாகிறது. மகனை இழந்த தாய் ஒருத்தி இந்தச் சபையிலிருந்து எழுந்து, "அவன் அழுதால் என் பிள்ளை வருவானா?" என்று கேட்டால், விடை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆயினும், வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எதிர்க்கட்சிக்காரன் தனக்கே பாதகமாக ஒன்றை ஒப்புக்கொண்டால், அதனை நாம் ஏட்டிற் பதியச் செய்வோமா, வாயை மூடு என்போமா? சிப்பாயின் குற்றவுணர்ச்சியைச் சிங்களக் கலைஞன் ஒருவன், சிங்கள மொழியிலே, சிங்கள மக்கள் முன் வைத்தான். செல்வி அவனுக்கு இலேசான மன்னிப்பை வழங்கவும் இல்லை. மணம் முடித்ததால் கணக்குத் தீர்ந்துவிடாது என்பதே அப்படம் காட்டும் உண்மை. இதனை மறைத்தால் இலாபம் யாருக்கு?

இதே விதானகேக்குக் கொழும்பில் நடந்ததையும் கேளுங்கள். அவருடைய "புரஹந்த களுவர" என்னும் படம் 1997 இல் உருவானது. போரில் இறந்த மகனின் முத்திரையிட்ட பிரேதப் பெட்டியை நம்ப மறுக்கும் குருட்டுத் தந்தையின் கதை அது. போர் நடக்கும் வேளையில் இப்படம் கூடாது என்று 2000 ஆம் ஆண்டு அரசு தடுத்தது. 2001 இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அதனைத் திரையிட வழி திறந்தது. கொழும்பிலே படைக்கு ஆகாதவர். சென்னையிலே படைக்கு வேண்டியவர்! ஒரே மனிதன் மீது இந்த இரு குற்றச்சாட்டும் எப்படிப் பொருந்தும்?

தமிழ்நாட்டிலேயே ஒரு முன்தீர்ப்பு இருந்தது. இட ஒதுக்கீட்டைக் குறைகூறிய "ஒரே ஒரு கிராமத்திலே" என்ற படத்தின் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. 1989 மார்ச் 30 ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் அச்சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. ஊர்வலம் வரும், கலகம் வரும் என்ற அச்சுறுத்தலுக்காகப் பேச்சுரிமையைப் பறிக்க முடியாது, அதைக் காப்பது அரசின் கடமை என்பதே அத்தீர்ப்பின் சாரம். படத்தின் கருத்தை ஏற்காதவனுக்கும் அத்தீர்ப்பு கவசம். நாளை அவன் படம் எடுப்பான்.

நமக்கு ரோமன் ஒல்லாந்துச் சட்டத்தை விட்டுச்சென்ற ஒல்லாந்தரின் நாட்டிலும் இத்தகைய சோதனை வந்தது. 1973 இல் போல் வெர்ஹோவன் "துருக்கிப் பழம்" என்ற காதற் படத்தை எடுத்தார். அதன் நாணமற்ற காட்சிகள் பலரை முகஞ்சுளிக்க வைத்தன. ஆயினும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்று பார்த்தனர். 1999 இல் அந்நாட்டின் திரைப்பட விழாவில் அதுவே நூற்றாண்டின் சிறந்த ஒல்லாந்துப் படம் என்று தெரிவு செய்யப்பட்டது. அதை விரும்புவதும் வெறுப்பதும் அவரவர் உரிமை. கண்ணாற் கண்டு தீர்ப்பளித்தார்கள் என்பதே நமக்குப் பாடம்.

1981 இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தது. கொளுத்தியவன் எந்த நூலையும் படித்துப் பார்த்துக் கொளுத்தவில்லை. அந்தச் சாம்பலைக் கண்ட இனம், பாராத படத்தைத் தடுக்கலாமா? காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் உலகத்திடம் கேட்பது யாது? "எங்களைக் கேளுங்கள்" என்பதொன்றே. கேட்கப்பட வேண்டும் என்று கோருபவர்கள், கேட்கவும் கடமைப்பட்டவர்கள்.

உழவர் பெருமக்களே! நம் தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் கதவுகளை நீங்கள் அறிவீர்கள். உவர்நீரை மறிக்க மூடுவதும், மாரி வெள்ளத்தை விட்டுவிடத் திறப்பதும் உண்டு. நீரைப் பாராமல் எந்நாளும் மூடியே வைத்தால் வயல்தான் அழியும். வந்த நீர் உவரா நன்னீரா என்று அறிந்த பின்னரே கதவில் கை வைக்க வேண்டும்.

ஆகவே, இப்படத்தை நம் ஊர்களிலே காட்டுவோம். பார்ப்போம், வாதிடுவோம், கண்டிக்க வேண்டியதைக் கண்டிப்போம். செல்வி பேசாத வாக்குமூலத்தை நம் இளைஞர்கள் தமிழிலே படமாக்கட்டும். நூலகம் எரிந்த கதையைச் சோமீதரன் "எரியும் நினைவுகள்" என்ற ஆவணப்படமாக்கவில்லையா? அந்த வழியே செல்வோம். நம் சாட்சியை நாமே சொல்வோம். மறுதரப்பின் சாட்சியையும் கேட்டுவிட்டே தீர்ப்பெழுதுவோம்.