பர்மாவில் இரண்டு ராணிகள்

(தோணிரேவு தெருமுனைக் கூட்டத்தில் நமது ஐடி விங் தோழர் பேசியது)



1945-ல "பர்மா ராணி"ன்னு ஒரு படம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. பிரிட்டிஷ் பக்கம் பறக்குற இந்திய விமானிகள் ஹீரோ, ஜப்பான்காரன் வில்லன். அந்த ஜப்பான் அதிகாரியா நடிச்சது முதலாளி டி.ஆர்.சுந்தரமே! பிலிம் சுருள் அப்போ அரசாங்கத்தோட கையில. போருக்கு ஆதரவா படம் எடுக்காம தப்பிக்க முடியாது.

அதே பர்மாவுல 1944-ல நிஜமாவே ஒரு ராணி படை இருந்துச்சு. நேதாஜியோட ஜான்சி ராணி படை. தலைமை கேப்டன் லட்சுமி. மலேயா தோட்டத்துல பால் வெட்டின நம்ம தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி தூக்குனாங்க. அவங்களுக்கு ஜப்பான் கூட்டாளி. வெள்ளைக்காரன் சென்சார்ல இந்தக் கதைய எடுக்க விடுவானா?

அதுக்காக ஜப்பான்காரன் உத்தமன் இல்ல. சயாம் மரண ரயில் பாதையில பல்லாயிரம் தமிழர்களை வேலை வாங்கியே கொன்னவன். நேதாஜி படை பேசுற மேடையில இதையும் பேசணும். நிறைய பேர் பேசுறதில்ல.

2025 மே மாசம் வீடியோ கேம் காட்சிய போர்க் காட்சின்னு சுத்த விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? இப்ப பிலிம் சுருள் உங்க போன்லயே இருக்கு. நம்ம பக்கத்துக்கு வீடியோ அனுப்புறவங்க எங்க, எப்ப எடுத்ததுன்னு சேர்த்து அனுப்புங்க. இல்லன்னா, மாவட்டமே போன் போட்டுச் சொன்னாலும் போட மாட்டோம்.