மூன்று மார்க்கில் தவறியவர்
(நமது சமுதாயக் கூடத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

பிளஸ் டூ ரிசல்ட் பார்த்துவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனி வணக்கம்.

உங்கள் செல்போன், டிவி, நம் லிஃப்டின் கன்ட்ரோல் போர்டு எல்லாவற்றிலும் ‘ஐ.சி.’ இருக்கிறது. அதை முதலில் செய்துகாட்டியவர் ஜாக் கில்பி. 1923-இல் பிறந்த அமெரிக்கர். கான்சஸ் மாநிலத்தில் கிரேட் பெண்ட் என்ற ஊரில் வளர்ந்தவர். அப்பா மின்சாரக் கம்பெனி நடத்தினார். ஒரு பனிப்புயலில் கம்பிகள் அறுந்தபோது, ஹாம் ரேடியோ மூலம் அப்பா தொடர்புகொண்டதைப் பார்த்துத்தான் பையனுக்கு எலக்ட்ரானிக்ஸில் ஆசை வந்தது.

எம்.ஐ.டி. நுழைவுத் தேர்வு எழுதினார். தேவை 500, கிடைத்தது 497. இடம் இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இடையில் உலகப் போர். நம் வடகிழக்கு இந்தியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து முகாமில் ரேடியோ பழுது பார்த்தார். திரும்பிப் போய் 1947-இல் பட்டம் பெற்றார். வேலை பார்த்துக்கொண்டே 1950-இல் முதுகலைப் பட்டமும் வாங்கினார்.

1958-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் சேர்ந்தார். ஜூலையில் எல்லோரும் விடுமுறையில் போனார்கள். புதியவர் என்பதால் இவருக்கு லீவு இல்லை. அன்று ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகச் செய்து, கையால் பற்றவைத்து இணைக்க வேண்டும். பாகங்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது அதுவே முட்டுக்கட்டை ஆனது. ‘எல்லாப் பாகங்களையும் ஒரே குறைக்கடத்தித் துண்டில் செய்தால் என்ன?’ என்று யோசித்தார். செப்டம்பர் 12 அன்று சிறிய ஜெர்மேனியத் துண்டு ஒன்றை மேலதிகாரிகள் முன் இயக்கிக் காட்டினார்.

அதில் இணைப்புக்கு மெல்லிய தங்கக் கம்பிகளைக் கையால் ஒட்டியிருந்தார். தொழிற்சாலையில் பெருமளவில் செய்ய ஏற்ற வழியைச் சிலிக்கானில் காட்டியவர் ராபர்ட் நாய்ஸ். கம்பெனிகளுக்குள் காப்புரிமை வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. நாய்ஸ் 1990-இல் காலமானார். 2000-இல் நோபல் பரிசு பெற்றபோது, அவர் உயிரோடு இருந்திருந்தால் இருவரும் பகிர்ந்திருப்போம் என்றே கில்பி சொன்னார்.

பிள்ளைகளே, மார்க் குறைந்தால் நல்லது என்று நான் சொல்லவில்லை. கேட்ட கல்லூரி கிடைக்காவிட்டாலும் அவர் படிப்பை விடவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

பெரியவர்களே, நமக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் லிஃப்டில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் “எவ்வளவு மார்க்?” என்று கேட்காதீர்கள். “அடுத்து என்ன படிக்க ஆசை?” என்று கேளுங்கள்.