காவலைச் சோதிக்கும் காவலர்

(சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்ககிரிக் கோட்டைக்கு ஒரு மதில் போதாதென்று அடுத்தடுத்துப் பல மதில்கள் எழுப்பப்பெற்றன. எனினும், மதிலின் குறையைக் கட்டியவனைக் காட்டிலும் ஏறிப் பார்ப்பவனே நன்கறிவான். இந்நாளில் நாமக்கல்லின் முட்டை வியாபாரமும் லாரித் தொழிலும், சேலத்து ஜவ்வரிசி வியாபாரமும் தத்தம் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் ஒப்புவித்துள்ளன. இம்மதிலில் கள்வன் முதலில் ஏறுவானாயின் நாம் கெட்டோம். ஆதலின், உடையவர் அனுமதி பெற்று, கள்வன் வரக்கூடிய வழிகளிலெல்லாம் நுழைந்து பார்த்து, கண்ட குறையை உடையவரிடமே எழுதிக் கொடுப்பதொரு தொழிலாயிற்று. அதனை ‘எதிக்கல் ஹேக்கிங்’ என்பர்.

நம் தமிழ்நாட்டவராகிய லக்ஷ்மண் முத்தையா 2019-ல் செய்ததைக் கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல்லை மறந்தவருக்குக் கைப்பேசியில் ஆறு இலக்க எண் ஒன்று வரும். அது 10 நிமிஷமே செல்லும். ஆறு இலக்கத்தில் அமையக்கூடிய எண்கள் 10 லட்சம். ஒரே இணைய முகவரியினின்று ஓயாது முயன்றால் தடை எழும். அவரோ 1,000 முகவரிகளினின்று 2 லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார், தடை எழவில்லை. 5,000 முகவரிகள் இருப்பின் 10 லட்சமும் தீர்ந்துவிடுமன்றோ? பிறர் கணக்கைக் கவரக்கூடிய அவ்வழியை அவர் நிறுவனத்துக்கே தெரிவித்தார். அவர்கள் குறையை நீக்கி, 30,000 டாலர் வெகுமதி அளித்தனர். குறை காட்டுவோர்க்குப் பரிசுண்டென்று அந்நிறுவனம் முன்னரே பகிரங்கமாக அறிவித்திருந்தது என்பதை மறவாதீர்கள்.

வாலிபர்களே! கள்வனுக்கும் காவலனுக்கும் வித்தை ஒன்றே, அனுமதியே வேற்றுமை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, பிறர் கம்ப்யூட்டரில் அனுமதியின்றி நுழைபவர் நஷ்டஈட்டுக்கு உள்ளாவர். வஞ்சக நோக்குடன் அது செய்தால், 66-ஆம் பிரிவுப்படி மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. விளையாட்டு வினையாகிவிடலாகாது. தற்செயலாக ஒரு குறையைக் கண்டால் அங்கேயே நின்று, உடையவர்க்கோ, 2004 முதல் இயங்கிவரும் ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய அரசு நிறுவனத்துக்கோ எழுதுங்கள்.

பெரியோர்களே! லாரியின் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டு நிம்மதியாக உறங்காதீர்கள். வருஷந்தோறும் கணக்கைத் தணிக்கை செய்விப்பதுபோல் கம்ப்யூட்டரையும் தக்கவரைக் கொண்டு சோதிப்பியுங்கள். எங்கெங்கே சோதிக்கலாமென்பதை எழுத்தில் வரையறுத்துக் கொடுங்கள். நம் வீட்டுப் பிள்ளையொருவன் “உங்கள் பூட்டு பலமில்லை” என்று வந்து சொன்னால் அவனைத் திருடனென்று ஏசாதீர்கள். இன்று அவன் வாயை அடைத்தால் நாளை குறையை நமக்குச் சொல்ல வருபவர் ஒருவரும் இரார்; அதைக் கண்டுகொள்பவன் கள்வனாகவே இருப்பான்.