கருவியும் நூலகமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணிப்பொறி நிரல் பற்றித் தமிழ்ச் சங்க மேடையில் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். நம் சங்கத்தின் பழைய மலர்களைப் பற்றிய செய்தி இது என்று முதற்கண் சொல்லிவிடுகிறேன்.

1990-களில் வெளிவந்த நம் மலர்களை அச்சகத்தார் தத்தமக்கு வாய்த்த எழுத்துருவில் தட்டச்சு செய்தனர். 1991-லேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றதாயினும், அது பரவ நெடுங்காலம் ஆயிற்று. தமிழ்நாட்டரசு 1999-இல் டாம், டாப் என்னும் குறிமுறைகளை ஏற்றது. தனியார் குறிமுறைகளோ பல. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே சிதறிக் கிடக்கும். தாராவியில் வாழ்ந்து மறைந்த அன்பர்களின் நினைவுரைகள் அந்நிலையில்தான் கிடந்தன.

அவற்றை ஒருங்குறிக்கு மாற்றப் பைதான் மொழியில் ஒரு சிறு கருவி செய்தேன். கட்டளை வரியில் கோப்பின் பெயரைக் கொடுத்தால், மாற்றிய உரையைத் திரையில் எழுதும். நன்றாகவே உழைத்தது, ஆனால் என் கணினியில், என் கையால் மட்டும். செம்பூர்த் தம்பி ஒருவர் மலர்களைத் தேடிப் படிக்க ஒரு தளம் அமைக்க முனைந்து, "அண்ணாச்சி, உங்கள் மாற்றியை என் நிரலுக்குள் அழைக்க வேண்டும்" என்றார். கொடுத்தேன். ஒரு கட்டுரையில் அறியாத குறி ஒன்று வந்ததும், என் நிரல் தானும் முடிந்து, அவர் தளத்தையும் உடன் இழுத்துக்கொண்டு வீழ்ந்தது. குற்றம் என்னுடையதே. பிழை கண்டால் வெளியேறுக என்று நிரலின் நடுவே எழுதி வைத்தவன் நானல்லவா!

தாராவியில் விடியுமுன் இட்டலி அவித்துச் சுமந்து சென்று விற்கும் நம்மவரை அறிவீர்கள். இட்டலியாக வாங்கினால் இட்டலியே உண்ணலாம்; மாவாக வாங்கினால் தோசையும் ஊத்தப்பமும் அவரவர் அடுப்பில் ஆகும். நான் கொடுத்தது இட்டலி. தம்பி கேட்டது மாவு.

இது புதிய எண்ணமன்று. கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் பொறிக்குப் பொதுவான துணைநிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டுச் சேமித்து வைத்தனர். நூலகம் என்னும் பெயர் அங்கு மெய்யாகவே பொருந்திற்று. சுவீடனின் டேனியல் ஸ்டென்பர்க் 1998-இல் கர்ல் என்று பெயரிட்டு வெளியிட்ட கட்டளை வரிக் கருவி, 2000-இல் லிப்கர்ல் என்னும் நூலகமாகவும் வந்தது. நூலகமானதனாலேயே கைப்பேசிக்குள்ளும் காருக்குள்ளும் அது புகுந்தது. தமிழுக்கும் ஓப்பன்-தமிழ் என்னும் பைதான் நூலகம் உண்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறிக்கோ ஐந்து குறி. ஐந்தை மூன்றாக்கித் தரும் வேலையை அந்நூலகம் செய்து வைத்திருப்பதால், நாம் அதை மீண்டும் எழுத வேண்டுவதில்லை.

ஆகவே என் நிரலை இரண்டாகப் பிளந்தேன். மாற்றும் பகுதி உரையை வாங்கி உரையைத் திருப்பித் தரும். கோப்பைத் திறவாது, திரையில் எழுதாது, வெளியேறாது. பிழை நேர்ந்தால் அழைத்தவருக்கு அறிவிக்கும். மேலே செய்வது அவர் பொறுப்பு. கட்டளை வரிப் பகுதி அதனை அழைக்கும் மெல்லிய மேலுறையாயிற்று. தொகுப்பாக்கி, பிப் கொண்டு நிறுவினால் இரண்டும் ஒருங்கே கிடைக்கும்.

இவ்வளவும் ஒரு மாலை வேலை. மூன்று வாரம் உண்டது வேறொன்று. எழுத்துரு அட்டவணையை நிரல் முழுமைக்கும் பொதுவான ஒரு மாறியில் வைத்திருந்தேன். கருவி ஒரு கோப்பை முடித்ததும் மடிந்துவிடும். ஆதலால் தீங்கு தெரியவில்லை. தளமோ ஓயாது இயங்குவது. ஒரு கட்டுரையின் அட்டவணை அடுத்த கட்டுரையிலும் ஒட்டிக்கொண்டு, நல்ல தமிழையும் குலைத்தது. அட்டவணையை ஒவ்வோர் அழைப்புடனும் கையில் கொடுத்தனுப்பும்படி மாற்றிய பின்னரே நோய் தீர்ந்தது.

சென்ற திங்கள் மாட்டுங்காவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், தம் தந்தையார் எழுதிய கட்டுரையைத் தாமே தேடியெடுத்துப் படித்தார். இரண்டு மலர்களின் எழுத்துரு இன்னதென்று இன்னும் விளங்கவில்லை. அக்கால அச்சகத் தட்டுகள் எவரிடமேனும் இருப்பின், செயலாளரிடம் தந்துதவ வேண்டுகிறேன்.